எழுப்புகிற வேலை எனக்கு

என் தம்பி மகளை நான் முதன்முதலில் தொட்டது கொஞ்சுவதற்காக அல்ல, அடிப்பதற்காக. அடி என்று சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும். "சுண்டுறதுன்னு சொல்லுக்கா" என்பான். எந்தப் பெயர் வைத்தாலும் வலி வலிதான். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் அவள் நீளமே. அந்த உடம்பின் உள்ளங்காலில், கேரம் போர்டில் காயை அடிப்பதுபோல நடுவிரலை மடக்கித் தெறிக்க விட வேண்டும். அவள் வாய்விட்டு அழும் வரைக்கும் விடக்கூடாது. பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்துகொண்டிருந்தேன்.

குறைமாதத்தில் பிறந்தவள் அவள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. நான் பார்க்கப் போன அன்று, பெட்டிக்குள் இருப்பது பிள்ளையா சுருட்டி வைத்த துணியா என்று தெரியாமல் தேடினேன். அப்புறம் துணி அசைந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் அந்த வார்டின் நர்ஸ் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். தம்பி, தம்பி மனைவி, நான். எங்களுக்கு அம்மா இல்லை. தம்பி மனைவிக்கு அம்மா இருந்தும் இல்லாத மாதிரி. காதல் கல்யாணம் செய்துகொண்டதால் கோலியனூரில் அவள் வீட்டுக் கதவை அன்றைக்குச் சாத்தியவர்கள் இன்னும் திறக்கவில்லை. அதனால் திண்டிவனத்தில் தம்பி வீட்டில் தங்கி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நான்தான் பெரிய மனுஷி.

"தாய்ப்பாலப் பீய்ச்சி, பாலாடையில ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா வுடணும்" என்றார் நர்ஸ். பாலாடை என்பது ஒரு பக்கம் மூக்கு நீட்டிய சின்னக் கிண்ணம். "உறிஞ்சறதுக்கு இன்னும் தெம்பில்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி. தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க."

"பசிச்சா அழுவாளே சிஸ்டர், அப்ப குடுத்தா போதாதா?" என்று தம்பி கேட்டான்.

"அழறதுக்குத் தெம்பு வேணாமா? இது அழாது. பசிக்கப் பசிக்கத் தூங்கும். தூங்கிக்கினே இருக்கும்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லாததும் எங்களுக்குப் புரிந்தது.

பிறகு எழுப்புவது எப்படி என்று செய்து காட்டினார். போர்வையை விலக்கு, காது மடலைத் தேய், முதுகைத் தடவு. இதெல்லாம் எடுபடாவிட்டால் உள்ளங்காலில் சுண்டு. அவர் விரல் பட்ட இடம் சிவந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் போட்டது. "நீங்க பண்ணுங்க" என்று தாயிடம் காலைக் கொடுத்தார். இருபது வயதுப் பெண். பிள்ளையின் காலில் எறும்பு ஊர்ந்தால் தட்டிவிடுவது போல ஒரு தட்டு தட்டினாள், உடனே அவளே அழுதாள். "இதுக்குப் பேரு தடவுறது" என்றார் நர்ஸ். தம்பி முயன்றான். ஜேசிபி ஓட்டுகிற கை. காலருகே கொண்டுபோனதுமே இழுத்துக்கொண்டு, போன் வருகிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டான். போனும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

மிச்சம் இருந்தது நான். ஒரே சுண்டு. பிள்ளை வீறிட்டது. "இதான் கரெக்ட்டு" என்றார் நர்ஸ்.

திண்டிவனம் திரும்புகிற வழியில் காரை நிறுத்தி டீ குடிக்கும்போது தம்பி சொன்னான்: "நீயே பாத்துக்கோக்கா. அவளால முடியாது, பெத்த மனசு. உனக்குன்னு ஒண்ணும் இல்லல்ல, நீ தாங்கிப்ப." திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாராட்டுவதாகவே நினைத்துச் சொன்னான். பிள்ளை இல்லை என்று பிரம்மதேசத்தில் என்னைக் கட்டியவன் திருப்பி அனுப்பியபோது நான் அழவில்லை. அதை என் வீட்டில் எல்லாரும் கல்மனசு என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்தக் கல்லுக்கு ஒரு வேலை கிடைத்தது. டீயை அவன் மூஞ்சியில் ஊற்றலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஊற்றவில்லை. குடித்தேன்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் வேலை பிரிந்தது. ஊட்டுவது தம்பி மனைவி, எழுப்புவது நான். முதலில் அவள் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து பாலைப் பீய்ச்சுவாள். கொதிக்க வைத்த டம்ளரில் அடியில் படியும் அளவுக்குத்தான் பால் வரும். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, கையைக் கழுவி, சூட்டுக்காக அவள் நெஞ்சோடு கட்டிவைத்திருக்கும் பிள்ளையின் காலை வெளியே இழுப்பேன். சாக்ஸைக் கழற்றுவேன். கூப்பிட்டுப் பார்ப்பேன், காதைத் தேய்ப்பேன். அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை அவள். கடைசியில் விரல்தான். வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி. சில நேரம் ஒன்றிலேயே விழிப்பாள். சில நேரம் என் விரல் நோகும் வரைக்கும் தூங்குவாள். அழுகை வந்ததும் நான் விலகிவிட வேண்டும். தம்பி மனைவி பாலாடையை உதட்டோரம் சாய்ப்பாள். பாதியில் பிள்ளை மறுபடி சொக்கினால் "அக்கா" என்று குரல் வரும். நான் மறுபடி எழுந்து போக வேண்டும். குடித்து முடிந்ததும் தோளில் சாத்தி ஏப்பம் வரவழைத்து, மறுபடி நெஞ்சோடு கட்டினால் அடுத்த நொடி தூக்கம். மற்ற வீடுகளில் பிள்ளையைத் தூங்க வைக்கப் படாதபாடு படுவார்கள். எங்கள் வீட்டில் தூக்கம்தான் எதிரி. அந்த எதிரியோடு சண்டை போட ஆள் நான் ஒருத்திதான்.

பால் ஊட்டும்போது தம்பி மனைவி பிள்ளையிடம் பேசுவாள். "அத்தை அட்ச்சிட்டாளா எந்தங்கத்த? அத்தைக்கு அடி. அத்தைய அட்ச்சிடலாம், நீ குடிம்மா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அழுகிற பிள்ளையை எந்த வீட்டில்தான் இப்படித் தேற்றவில்லை? விழுந்தால் தரையை அடிப்போம், இடித்தால் கதவை அடிப்போம். அடித்தது நான் என்பதால் என்னை அடித்தார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.

தெரு சும்மா இருக்குமா? பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் பார்த்த முதல் நொடியிலேயே உச்சுக் கொட்டுவார்கள். "எலிக்குஞ்சாட்டம் இருக்குதே" என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி தாயின் முகத்துக்கு நேராகவே "நிக்குமா?" என்று கேட்டாள். "ஒக்காரும், நடக்கும், நீ செத்தா வந்து வாசல்ல ஆடும்" என்றேன் நான். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஆனால் என் கையைப் பற்றிய பேச்சு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறாள், கடைக்கு நூல் வாங்கப் போன என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தூங்குற புள்ளய எழுப்புறதே பாவம். நீ அடிக்கிறியாமே. உனக்கு இல்லன்னா அதுமேல ஏம்மா காட்டுற?" நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியாது. நூல் வாங்காமலே திரும்பினேன்.

கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை. ஆனால் அன்று மாலை பிள்ளையின் காலைப் பிடித்தபோது விரல் ஒரு கணம் தயங்கியது. பக்கத்து வீட்டுக்காரி சொல்வது போல எனக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா? ஒரு சொட்டாவது? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பிள்ளை பாலில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சுண்டினேன்.

வாரம் ஒருமுறை விழுப்புரம் கொண்டுபோய் எடை போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தராசு முள் நிற்கும் வரைக்கும் நான் கண்ணை எடுக்க மாட்டேன். முதல் முறை இறங்கியிருந்தது. அடுத்த முறை அப்படியே நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. ஏறியது என்று சொன்ன அன்று தம்பி எல்லாருக்கும் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். தம்பி மனைவி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பிள்ளை என் மடியில் இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது பால் நேரம் வந்தது. பஸ்ஸென்றும் பார்க்காமல் சாக்ஸைக் கழற்றினேன். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

எடை ஏறிய செய்தி கோலியனூருக்கு எப்படியோ போயிருக்கிறது. நிற்காது என்று நினைத்த பிள்ளை நின்றுவிட்டது என்றதும் அங்கே மனசு இளகியதாம். பெயர் வைக்கிற நாளுக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீடே தலைகீழானது. தம்பி சுவருக்கு வெள்ளையடித்தான். அவன் மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே புடவை மடித்தாள்.

அன்று காலை தம்பி என்னைச் சமையல் பந்தல் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். "இன்னிக்கு ஒரு நாளு நீ புள்ளகிட்ட வராதக்கா. அவங்க மொதமொத வர்றாங்க. நீ சுண்டுறதப் பாத்தா தப்பா நெனச்சிப்பாங்க."

"யார்ரா எழுப்புறது?"

"அவளே எழுப்பிப்பா. சொல்லி வெச்சிக்கிறேன். நீ சமையலப் பாரு, பேஜாரு பண்ணாத."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தாய் அவள், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள், ஒரு நாள் கூடவா செய்ய மாட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

கோலியனூர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். தட்டு தட்டாகச் சீர் இறங்கியது. உள்ளே ஒரே சிரிப்பும் பேச்சும். பால் நேரம் வந்ததும், கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்ணை உள்ளே அனுப்பிக் கேட்டேன். "தூங்கிக்கினு இருக்குது, அப்பறம் குடுப்பாங்களாம்" என்றாள் வந்து. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினேன். "குடிச்சிடுச்சாம்" என்று பதில் வந்தது. அடுத்த வேளைக்கும் அதே பதில். எனக்கு அழுகைச் சத்தம் கேட்கவில்லை. நாதஸ்வரப் பாட்டைச் செல்போனில் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள், அதனால் கேட்கவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பந்தி முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை தம்பி மனைவியின் அம்மா மடியில் இருந்தது. புதுச் சட்டை, புதுக் குல்லாய், நெற்றியில் கருப்புப் பொட்டு. சுற்றிலும் பெண்கள். "எத்தினி கை மாறுச்சி, ஒருவாட்டி முழிச்சி அழுதுச்சா பாரு. எவ்ளோ சமத்து!" என்று ஒருத்தி வியந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவி தன் அம்மாவின் தோளில் தலை வைத்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அந்தத் தோள் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கண் தரைக்குப் போனது. பால் கொடுக்கவே இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் யாரையும் கேட்கவில்லை. குனிந்து காலைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. சாக்ஸைக் கழற்றிச் சுண்டினேன். கால் பின்வாங்கவில்லை. மறுபடி சுண்டினேன். சுற்றி இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டது. அவள் அம்மா என் கையைத் தள்ளிவிட்டு, "ஏய், இன்னாடி பண்ற பச்சப் புள்ளய? பேயா நீ?" என்று கத்தினாள். நான் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு மூன்றாவது முறை சுண்டினேன், இருந்த பலத்தையெல்லாம் வைத்து. பிள்ளையின் வாய் மட்டும் கோணியது. சத்தம் வரவில்லை.

"வேன எடு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தம்பிக்குக் கேட்டது.

சீர் கொண்டுவந்த வேனிலேயே விழுப்புரத்துக்குப் பறந்தோம். தம்பி மனைவி பட்டு ஜாக்கெட்டின் ஊக்கைப் பிய்த்துப் பிள்ளையை நெஞ்சுக்குள் போட்டுப் புடவையால் மூடிக்கொண்டாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் கீழே மண்டியிட்டு அந்தக் கால்களைச் சுண்டிக்கொண்டே போனேன். அவள் அம்மா வழியெல்லாம் சபித்துக்கொண்டு வந்தாள். "உன் கை வெளங்காம பூடும். புழு வெச்சித்தான் சாவ நீ. பெத்திருந்தாத் தெரியும்." ஒவ்வொரு சாபத்துக்கும் ஒரு சுண்டு. காது கேட்டுக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. ஒருமுறை கட்டைவிரல் லேசாக அசைந்தது. இன்னும் அழுத்திச் சுண்டினேன்.

வார்டில் அதே நர்ஸ். குத்திப் பார்த்துவிட்டுச் சர்க்கரை இறங்கிப்போச்சு என்றார்கள். ஊசி, குழாய், கண்ணாடிப் பெட்டி. கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்த நர்ஸ் நேராக என்னிடம்தான் வந்தார். "உங்கள நம்பித்தானே அனுப்புனேன்? எழுப்புற ஆளு நீங்கதானே? எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

தம்பி சுவரைப் பார்த்தான். அவன் மனைவி காலி நெஞ்சைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மட்டும் என்னையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கதான் வேணான்னு சொன்னோம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்திருந்தால் அங்கே ரத்த ஆறு ஓடியிருக்கும். உள்ளே கிடக்கிற உயிர் என்ன ஆகுமென்று தெரியாமல் வெளியே சண்டை போட எனக்குக் கூசியது. "தப்பு நடந்துபோச்சு சிஸ்டர்" என்றேன்.

பிழைத்தாள். திரும்ப வீட்டுக்கு வந்தோம். இந்தமுறை கோலியனூர் அம்மாவும் கூட வந்து தங்கினாள். வந்த முதல் நாள் பால் நேரத்துக்கு அவளே என்னைத் தேடி மெஷினிடம் வந்து நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நேரமாச்சி, வா" என்றாள். நான் சுண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அழுகை வந்ததும் ஓடி வந்து முதல் ஆளாக வாரிக்கொள்வாள். இப்போது தேற்றுவதற்கு இரண்டு குரல்கள். "அத்தை அட்ச்சாளா? அந்தக் கைய ஒடச்சிடலாம் வா." தெம்பு ஏற ஏற அழுகை பெரிதானது. அழுகை பெரிதாக ஆக, என் கையிலிருந்து பிடுங்குகிற வேகமும் கூடியது. ஒரு நாளும் அழுகிற பிள்ளையை நான் தோளில் சாத்தித் தேற்றியதில்லை. யாரும் தடுக்கவில்லை, அதற்கு வேளை வாய்க்கவில்லை. என் வேளை தொடங்குவதும் முடிவதும் அழுகைக்கு முன்னாலேயே.

ஒரு நாள் விழுப்புரத்தில் எடை போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "இனிமே எழுப்ப வேணாம். பசிச்சாத் தானே அழுவா. அழுதாக் குடுங்க." தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இனி அந்தக் காலை முத்தம் கொடுக்கப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அவ்வளவு ஆசை வந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே பிடித்தேன். சாக்ஸைக் கழற்றினேன். உதடு படுவதற்குள் கால் வெடுக்கென்று உள்ளே போனது. கூடவே அந்த முகச்சுளிப்பு, அதன்பின் அழுகை. கூசியிருக்கும் என்றாள் தம்பி மனைவி. மறுநாளும் கூசியது. தம்பி பிடித்தால் கூசவில்லை. கோலியனூர் அம்மா பிடித்தால் உதைத்து விளையாடினாள். பிள்ளை சிரிக்கப் பழகிய பிறகு வீட்டுக்கு வருகிற பால்காரரைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். நான் சோப்பை மாற்றிப் பார்த்தேன். தம்பி மனைவியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். விரல் பட்டதும் தெரிந்துகொண்டாள். நர்ஸிடம் கேட்டபோது, "அந்த வயசுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதும்மா" என்று சிரித்தார். ஞாபகம் இல்லை என்றால் கால் எதற்கு ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை.

இப்போது தவழ்கிறாள். கன்னம் தொங்குகிறது, மடியில் வைத்தால் பளு தாங்க முடியவில்லை என்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவள் பால் குடிக்கிற நேரத்தில் நான் கூடத்துக்குப் போவதில்லை. போனால் பாலை விட்டுவிடுகிறாள் என்று தம்பி மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பால் முக்கியம்.

அழ வேண்டும் என்றுதானே அத்தனை நாள் அடித்தேன். இப்போது நான் வாசற்படியில் வந்து நின்றாலே போதும், அழுகிறாள். நல்ல தெம்பான அழுகை, தெருமுனை வரைக்கும் கேட்கிறது.